‘எதுவானாலும் என்னிடம் சொல்’ என்கிறேன், யாரும் சொல்வதில்லை!

கேள்வி:

மதிப்பிற்குரிய ஐயா,

எனக்கு வயது 53. பீடோங் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். அம்மா பால்மரம் வெட்டியவர், அப்பாவுக்கு ஸ்டோரில் வேலை. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது வெளியே வந்தோம். இப்போது சுங்கை பட்டாணியில் ஒரு தாமானில் சொந்த வீடு. கூலிம் ஹைடெக் பார்க்கில் ஒரு எலக்ட்ரானிக் கம்பெனியில் ஆப்பரேட்டராகச் சேர்ந்து, இன்று சூப்பர்வைசராக இருக்கிறேன். என் லைனில் உள்ளூர்ப் பெண்களும் நேப்பாளம், வங்காளதேசம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்களுமாக 22 பேர்.

போன மாதம் ஒரு நேப்பாளத்துப் பையன் மிஷினில் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டான். யாரிடமும் சொல்லாமல் துணியைச் சுற்றி, மேலே கிளவுஸ் மாட்டி, இரண்டு ஷிப்ட் வேலை பார்த்திருக்கிறான். கிளவுஸில் ரத்தம் கசிந்த பிறகுதான் எனக்குத் தெரியும். “ஏன்டா என்னிடம் சொல்லவில்லை?” என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். தலையைக் குனிந்துகொண்டு “ஓகே கக்கா (அக்கா), சாரி கக்கா” என்றான். அவ்வளவுதான். இவ்வளவு பயந்தாங்கொள்ளியாக ஒருவன் இருப்பானா?

மறுநாள் காலை மீட்டிங்கில் மெனேஜர் என்னைப் பிடித்துக்கொண்டார். “உன் ஆட்களைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதா?” என்று அத்தனை பேர் நடுவில் கேட்டார். அந்த மிஷினின் காப்பு மூடி லூசாக இருக்கிறது என்று இரண்டு வாரத்துக்கு முன்பே மெயிண்டனன்ஸில் நான் சொல்லியிருந்தேன். அதை அங்கே சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக் கடன் முடியவில்லை, வருடக் கடைசியில் மார்க் போடுகிறவர் அவர், ஓய்வு பெற இன்னும் 7 வருடம் இருக்கிறது. “சரி போஸ்” என்று உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் அங்கேயும் இதே கதை. மருமகள் வந்து இரண்டு வருடம் ஆகிறது. கிளினிக்கில் நர்ஸ். மரியாதையான பெண்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். எதைக் கேட்டாலும் “சரி அத்தை”. ஆனால் பாடாங் செராயில் வீடு பார்த்து புக்கிங் பணமும் கட்டிவிட்டார்கள் என்பதை என் மகன் வாய்தவறிச் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அழுத்தக்காரி! நான் கொடுமைக்கார மாமியார் இல்லை, ஐயா. “எதுவானாலும் என்னிடம் வாய்விட்டுச் சொல்லம்மா” என்று நூறு முறை சொல்லியிருக்கிறேன். லைனிலும் அதையேதான் சொல்கிறேன். ஏன் யாருமே என்னிடம் மனம் திறந்து பேசுவதில்லை?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சுங்கை பட்டாணி

பதில்:

அன்புச் சகோதரி,

மெனேஜர் முன்னால் நீங்கள் பேசாததற்குக் காரணம் எழுதியிருக்கிறீர்கள். வீட்டுக் கடன், மார்க், மிச்சமிருக்கும் 7 வருடம். எல்லாமே நியாயமான காரணங்கள். அந்தப் பையனும் மருமகளும் உங்கள் முன்னால் பேசாததற்கும் காரணம் எழுதியிருக்கிறீர்கள். அவன் பயந்தாங்கொள்ளி, அவள் அழுத்தக்காரி. உங்கள் விஷயத்தில் நிலைமை காரணமாகிறது, அவர்கள் விஷயத்தில் குணம் காரணமாகிறது. கணக்கு பிசகுவது இந்த இடத்தில்தான்.

அவர்களுக்கும் கடன் இருக்கலாம். அவர்களுக்கும் மார்க் போடும் ஆள் ஒருவர் இருக்கிறார். அந்த ஆள் நீங்கள்.

இதை உங்களைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. தினமும் காலையில் ஒருவருக்குக் கீழேயும் 22 பேருக்கு மேலேயும் நிற்கிறீர்கள். கீழே நிற்பவரின் தொண்டை எப்படி அடைத்துக்கொள்ளும் என்று உங்களுக்கு நேரடியாகத் தெரியும். அதை அப்படியே திருப்பி, மேலே நிற்கும்போது பயன்படுத்த வேண்டியதுதான் பாக்கி.

பேசினால் என்ன போகும்?

ஒருவர் ஏன் பேசவில்லை என்று யோசிக்கும்போது முதலில் கேட்கவேண்டிய கேள்வி, பேசினால் அவருக்கு என்ன போகும் என்பது. தோட்டத்தில் வளர்ந்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். செக்ரோல் பதிவேட்டில் அன்றைய பெயர் முழுதாக விழுமா, அரையாக விழுமா என்பது கணக்கெழுதும் கிராணியின் பேனாவில். நல்ல மரங்கள் உள்ள நிறையா, மேட்டில் ஏறி இறங்கும் நிறையா என்பது வேலை பிரிக்கும் தண்டலின் வாயில். இத்தனையும் ஒரே கையில் இருக்கும்போது காலைப் பெரட்டில் அணியாக நின்று எதிர்த்துப் பேச யாருக்கு வரும்? உங்கள் அம்மா கிராணி முன்னால் குரலை இறக்கிப் பேசியிருப்பார். அது கூச்ச சுபாவம் இல்லை, கூரையைக் காப்பாற்றும் வழி.

1941இல் சிலாங்கூரில், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தம் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். சீனத் தொழிலாளர்களுக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்குப் படிப்பு, மருத்துவ வசதி, கள்ளுக்கடையை மூடுவது, பெண்களிடம் மேலதிகாரிகள் அத்துமீறுவதை நிறுத்துவது என்று கோரிக்கைகள் நீண்டன. அந்தப் பட்டியலில் ஒன்று, துரையையோ தோட்ட அதிகாரிகளையோ கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற கட்டாயம் ஒழியவேண்டும் என்பது. கூலி உயர்வோடு சேர்த்து, சைக்கிளில் உட்கார்ந்தபடியே போகும் உரிமையையும் கேட்டார்கள். மரியாதை கீழேயிருந்து மேலே மட்டும் போகவேண்டும் என்ற ஏற்பாடு அவர்களை அவ்வளவு அறுத்திருக்கிறது. நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். தொழிலாளர்களில் ஐவர் உயிரிழந்தார்கள்.

உங்கள் ஊர்ப் பக்கத்திலும் ஒரு கதை உண்டு. போர் முடிந்து 1946, 47இல் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள்ளுக்கடைகளை எதிர்த்துத் தொடங்கி, கெடா தோட்டங்களில் வேகமாகப் பரவியது. 1947இல் போலீசுடன் மோதலாகி, பலர் கைதாகி, உயிர்ச்சேதத்தோடு அது அடங்கியது. அந்தப் படையைப் புகழவும் இகழவும் பலர் இருக்கிறார்கள். எனக்கு அதில் தெரிவது இதுதான்: ஒற்றை ஆளாகச் சொல்ல வழியில்லாத இடத்தில் பேச்சு நின்றுபோவதில்லை. தேங்கி, பிறகு கூட்டமாக வருகிறது, கோபமாக வருகிறது. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானபோது நடந்த மாற்றமும் இதையொட்டித்தான். ஒருவன் சொன்னால் வேலை போகும் என்ற விஷயத்தை, சங்கம் மேசையில் உட்கார்ந்து சொல்ல முடிந்தது.

இப்போது உங்கள் லைனுக்கு வாருங்கள். அந்த நேப்பாளத்துப் பையனின் பெர்மிட்டில் கம்பெனியின் பெயர் இருக்கிறது. வேறு கம்பெனிக்குத் தன் இஷ்டத்துக்கு அவன் மாற முடியாது. படுக்கை, ஹாஸ்டலில். ஊரில் ஏஜெண்டுக்குக் கொடுக்க வாங்கிய கடன் இருந்தால், அதை அடைக்க அவன் அனுப்பும் பணத்துக்காக வீட்டில் காத்திருப்பவர்களும் இருப்பார்கள். கையைக் கிழித்துக்கொண்டவனுக்கு முதலில் என்ன தோன்றியிருக்கும்? எம்.சி. (மருத்துவ விடுப்பு) எடுத்தால் ஓவர்டைம் போகும், கவனக்குறைவு என்று பெயர் வரும், பெர்மிட் புதுப்பிக்கும் நேரத்தில் யாராவது அதை நினைவில் வைத்திருப்பார்கள். லயத்து வீடு இருந்த இடத்தில் இன்று பெர்மிட் இருக்கிறது. உங்கள் அம்மாவை அடக்கமானவர் என்கிறோம், அவனைப் பயந்தாங்கொள்ளி என்கிறோம்.

முதல் கெட்ட செய்தி வரும்போது

“எதுவானாலும் சொல்” என்று சொல்வதற்கு மேலே இருப்பவருக்குச் செலவு எதுவும் இல்லை. செலவெல்லாம் சொல்கிறவருக்கு. அதனால் அந்த வார்த்தையை யாரும் நம்புவதில்லை. கீழே இருப்பவர்கள் கவனிப்பது வேறொன்றை. முதன்முதலாக ஒருவன் கெட்ட செய்தி கொண்டுவந்தபோது அவனுக்கு என்ன நடந்தது என்று பார்க்கிறார்கள். அந்த ஒரு சம்பவம் நூறு அழைப்புகளை அடித்துவிடும். அன்று நீங்கள் கத்தியதை அவன் ஒருவன் மட்டும் கேட்கவில்லை. மற்ற 21 பேரும் கேட்டார்கள். ரத்தம் தெரிந்தால் திட்டு விழும் என்று பாடம் படித்துக்கொண்டார்கள். அடுத்த தடவை இன்னும் நன்றாக மறைப்பார்கள்.

1990களில் ஹார்வர்டில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஏமி எட்மண்ட்சன் (நம் பீடோங் ஹார்வர்ட் அல்ல, அமெரிக்கப் பல்கலைக்கழகம்) மருத்துவமனை வார்டுகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளைக் கணக்கெடுத்தார். நன்றாக நடக்கும் வார்டுகளில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவேட்டில் தலைகீழாக இருந்தது. நல்ல வார்டுகளில்தான் பதிவான தவறுகள் அதிகம். துருவிப் பார்த்தபோது காரணம் புரிந்தது. அங்கே நர்ஸுகள் தவற்றை மறைக்காமல் சொன்னார்கள். தலைமை நர்ஸ் கேட்கிற விதம் அப்படி. மற்ற வார்டுகளில் தவறு இல்லாமல் இல்லை, ஏட்டில் ஏறவில்லை. ஆகவே உங்கள் லைனில் “ஒரு பிரச்சினையும் இல்லை, கக்கா” என்று வாரக்கணக்கில் பதில் வந்தால் நிம்மதியடையாதீர்கள்.

அந்தப் பையனிடம் இப்போது செய்யக்கூடியது இருக்கிறது. தனியாகக் கூப்பிட வேண்டாம், தனியே கூப்பிட்டால் இன்னும் பயப்படுவான். எல்லார் முன்னாலும் கத்தினீர்கள் அல்லவா, எல்லார் காதிலும் விழும்படியே சொல்லுங்கள்: “அன்றைக்குக் கத்தியிருக்கக் கூடாது. மிஷின் மூடி லூசாக இருந்தது. அது உன் தப்பு இல்லை. இனிமேல் யாருக்குக் கீறல் பட்டாலும் முதலில் மிஷினை நிறுத்து, பிறகு என்னைக் கூப்பிடு. நிறுத்தியதற்காக யாரையும் நான் கேட்கமாட்டேன்.” மலாயில் நாலு வரி போதும். மறுபடி ஒருவன் மிஷினை நிறுத்தினால், அன்றைய டார்கெட் குறைந்தாலும், “நிறுத்தியது நல்லது” என்று அதே குரலில் சொல்லவேண்டும். சோதனை அன்றைக்குத்தான்.

கூடவே காரியம் ஒன்று பாக்கி இருக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் பெர்கெசோ என்னும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் வேலையிட விபத்துப் பாதுகாப்பு உண்டு. வேலையிட விபத்தை முதலாளி 48 மணி நேரத்துக்குள் பெர்கெசோவுக்குத் தெரிவிக்க வேண்டும். எச்.ஆர். அதைச் செய்ததா என்று போய்க் கேளுங்கள். செய்யவில்லை என்றால் செய்யச் சொல்லுங்கள். அவனுக்குச் சிகிச்சைச் செலவும், தகுதியான எம்.சி. இருந்தால் அந்த நாள்களுக்கான தொகையும் கிடைக்க வழியுண்டு. ‘சொன்னதால் எனக்கு நல்லது நடந்தது’ என்று ஒருவன் ஹாஸ்டலில் போய்ச் சொன்னால், அதற்குப் பிறகு நீங்கள் யாரையும் அழைக்க வேண்டியதில்லை.

கேட்கிற விதத்தையும் மாற்றுங்கள். “பிரச்சினை ஏதாவது இருக்கா?” என்று கேட்டால் ‘இல்லை’ என்பதுதான் பத்திரமான பதில். “இந்த லைனில் இன்றைக்கு எந்த மிஷின் அதிகம் தொல்லை கொடுத்தது?” என்று கேளுங்கள். தொல்லை இருக்கிறது என்பதை நீங்களே ஒப்புக்கொண்டு கேட்பதால், சொல்கிறவன் புகார்க்காரன் ஆகமாட்டான்.

மெனேஜரிடம் எப்படிச் சொல்வது?

இப்போது நீங்கள் கீழே நிற்கும் இடம். மீட்டிங்கில் வாயை மூடிக்கொண்டதில் தப்பில்லை. நாலு பேர் முன்னால் மேலதிகாரியை மறுத்தால் அவர் தன் முகத்தைக் காப்பாற்றத்தான் பார்ப்பார், மிஷினைப் பார்க்கமாட்டார். ஆனால் மீட்டிங் முடிந்த பிறகும் பேசாமல் இருந்தது சரியில்லை. இது உங்கள் மானப் பிரச்சினையோடு நின்றுவிடவில்லை. மூடி இன்னும் லூசாக இருந்தால் அடுத்த கை கிழியும்.

மேலே இருப்பவரிடம் வற்புறுத்திச் சொல்லாததன் விலைக்கு ஓர் உதாரணம்: 1977 மார்ச் 27 அன்று டெனரீஃப் தீவு விமான நிலையத்தில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தார்கள். ஒரு விமானம் புறப்பட ஓடத் தொடங்கியபோது, அதிலிருந்த பொறியாளர், இன்னொரு விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்று சந்தேகத்தோடு கேட்டார். தலைமை விமானி அந்தக் கம்பெனியிலேயே பெயர்பெற்ற மூத்தவர். விலகிவிட்டது என்று அடித்துச் சொன்னார். பொறியாளர் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. அதன் பிறகு விமான நிறுவனங்கள், சிறியவர் பெரியவரிடம் படிப்படியாக எப்படிச் சொல்லவேண்டும் என்பதைப் பயிற்சியாகவே வைத்தன. அந்தப் படிகள் உங்களுக்கும் பொருந்தும்.

முதல் படி, கேள்வி. “போஸ், ரெண்டு நிமிஷம் பேசலாமா? அந்த மிஷின் மூடி பற்றி மெயிண்டனன்ஸ் உங்களிடம் ஏதாவது சொன்னார்களா?” இரண்டாம் படி, தகவல். “இந்தத் தேதியில் நான் சொல்லியிருந்தேன். இன்னும் சரிசெய்யவில்லை. பையனுக்கு அடிபட்டது அந்த மிஷினில்தான்.” மூன்றாம் படி, வேண்டுகோள். “இன்று சரிசெய்ய முடியாவிட்டால், சரிசெய்யும்வரை அந்த மிஷினை நிறுத்தி வைக்க உங்கள் அனுமதி வேண்டும்.” அப்படியும் அசையவில்லை என்றால் நான்காம் படி, எழுத்து. மேலே சொன்ன மூன்றையும் அதே மரியாதையோடு ஈமெயிலில் எழுதி, பாதுகாப்புக் குழுவுக்கும் ஒரு நகல் போடுங்கள். “நீங்கள் எல்லார் முன்னாலும் என்னை அவமானப்படுத்தினீர்கள்” என்பதை இந்தப் பேச்சில் கலக்காதீர்கள். அதையும் சொல்லவேண்டியதுதான், ஆனால் வேறொரு நாள், மிஷின் சரியான பிறகு: “போஸ், என் வேலையில் குறை இருந்தால் தனியாகச் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். என் ஆட்கள் முன்னால் சொன்னால் நாளைக்கு என் பேச்சை அவர்கள் கேட்கமாட்டார்கள்.” அவருக்கும் அதில் லாபம் இருக்கிறது என்பது அவருக்கே புரியும்.

உங்களுக்குச் சட்டத்தின் துணையும் உண்டு. வேலையிடப் பாதுகாப்பு பற்றிப் புகார் சொன்னார் என்பதற்காக ஒருவரை வேலையைவிட்டு நிறுத்தவோ அவருக்குப் பாதகம் செய்யவோ கூடாது என்று 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் சொல்கிறது. 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தம் இன்னொன்றையும் சேர்த்தது. உடனடி ஆபத்து இருப்பதைத் தெரிவித்தும் முதலாளி நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அந்த இடத்தைவிட்டு விலகலாம். இதை மெனேஜர் முகத்தில் வீசச் சொல்லவில்லை. உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு சுவர் இருக்கிறது என்று தெரிந்தால் குரல் நடுங்காது, அதற்காகச் சொல்கிறேன்.

மரியாதையாகப் பேசுவது வேறு, பணிந்து மௌனமாக இருப்பது வேறு. வள்ளுவர் இரண்டு பக்கத்துக்கும் எழுதியிருக்கிறார். அரசனிடம் வேலை பார்ப்பவன் எப்படி நடக்கவேண்டும் என்பதற்கு ‘மன்னரைச் சேர்ந்தொழுகல்’ என்று ஓர் அதிகாரம். அரசன் தன் தவற்றைக் கண்டித்துச் சொல்லக்கூடிய பெரியவர்களைத் தேடிப்பிடித்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு ‘பெரியாரைத் துணைக்கோடல்’ என்று இன்னோர் அதிகாரம். நம் மேடைகளில் முதலாவது அடிக்கடி கேட்கும். இரண்டாவதை முதலாளிமார் கூட்டங்களில் யாரும் எடுத்துப் பேசி நான் கேட்டதில்லை.

வீட்டில்

கம்பெனியில் சட்டமும் எச்.ஆரும் உண்டு. வீட்டில் ஒன்றும் கிடையாது. அதனால் வீட்டுப் பேச்சு இன்னும் கடினம்.

உங்கள் மருமகள் உங்கள் வீட்டில் இருக்கிறார். அடுப்படி உங்களுடையது, சாமி மேடை உங்களுடையது, சாவிக்கொத்து உங்களுடையது. கணவனும் உங்கள் மகன். நீங்கள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இந்த ஏற்பாடு மாறாது. தனிவீடு பார்ப்பதை உங்களிடம் முதலில் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நேர்மையாக யோசியுங்கள். “எங்களை விட்டுவிட்டுப் போகிறீர்களா?” என்ற ஒரு வாக்கியம் வந்திருக்குமா, வராதா? அந்த வாக்கியத்துக்குப் பதில் சொல்ல வழி தெரியாததால்தான் மகனும் சேர்ந்து மறைத்திருக்கிறார். இதில் மருமகளை மட்டும் அழுத்தக்காரி என்பது எப்படி நியாயம்? பிறந்ததிலிருந்து உங்களோடு இருக்கும் பிள்ளையே சொல்லவில்லையே.

“ஏன் என்னிடம் மறைத்தாய்?” என்று ஆரம்பிக்காதீர்கள். அது விசாரணை. மகனைத் தூது அனுப்பாதீர்கள், இரண்டு பேருக்கும் நடுவில் அவர் நின்றுகொண்டே இருந்தால் நீங்கள் இருவரும் நேரே பேசவே பழகமாட்டீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தேத்தண்ணியோடு உட்கார்ந்து நீங்களே சொல்லுங்கள்: “பாடாங் செராயில் வீடு புக் பண்ணியிருப்பது தெரியும்மா. சந்தோஷம். சொல்லாமல் தெரிந்தபோது மனசுக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் உங்களுக்கு வீடு வேண்டியதுதான். பத்திரம், லாயர் வேலைக்கு நாங்கள் ஏதாவது செய்யவேண்டும் என்றால் சொல்லு. வேண்டாம் என்றாலும் பரவாயில்லை.” உங்கள் வருத்தத்தையும் சொல்லியாகிவிட்டது, அதற்கு அவரைக் கடனாளி ஆக்கவும் இல்லை.

பிறகு சின்னச் சின்ன விஷயங்களில் ‘வேண்டாம்’ சொல்ல இடம் கொடுங்கள். “வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வருகிறாயா, அசதியாக இருக்கிறதா?” என்று கேளுங்கள். நைட் ஷிப்ட் முடிந்து வந்தவர் “இன்னைக்கு முடியல அத்தை” என்று சொன்னால், “சரி, தூங்கு” என்று போய்விடுங்கள். முகத்தைத் தூக்காமல், மறுநாள் பக்கத்து வீட்டு அம்மாவிடம் அதைச் சொல்லாமல் இருந்தால் போதும். சின்ன மறுப்பு தாங்கும் வீட்டில்தான் பெரிய விஷயங்கள் வாய்விட்டு வரும்.

நீங்கள் மறுக்கவேண்டிய நேரமும் வரும். அப்போது காரணம் சொல்லி மறுங்கள். நம் மலேசிய வேலைவாய்ப்புச் சட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல் ஒரு விதி உண்டு. தொழிலாளி தன் வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றிக் கேட்டு எழுதிக் கொடுத்தால், முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தரவேண்டும், மறுத்தால் காரணத்தைச் சொல்லவேண்டும். மறுக்கும் அதிகாரம் முதலாளியிடமே இருக்கிறது, ஆனால் காரணம் சொல்லாமல் மறுக்க முடியாது. வீட்டுக்கு இந்தச் சட்டம் வராது, ஆனால் இதைவிட நல்ல வழக்கம் ஒரு மாமியாருக்கு வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

இவ்வளவும் செய்த பிறகும் மருமகள் சில விஷயங்களை உங்களிடம் சொல்லாமல் இருக்கலாம். அது அவர் உரிமை. மனம் திறப்பதைக் கேட்டு வாங்க முடியாது. கணவன் மனைவிக்குள் இருக்கவேண்டியது அங்கேயே இருக்கட்டும்.

உங்கள் கேள்விக்கு என் தீர்ப்பு இது: மனம் திறந்த பேச்சைத் தொடங்கிவைக்கும் பொறுப்பு, அதிகாரம் யாரிடம் அதிகமோ அவருடையது. லைனிலும் வீட்டிலும் அது நீங்கள். மெனேஜர் அறையில் அது அவர். அவர் செய்யவில்லை என்பதற்காக நீங்கள் உங்கள் இடத்தில் செய்யாமல் இருக்கக் கூடாது.

மற்ற வாசகர்களுக்கு

இந்தப் பதிலில் சொன்னதெல்லாம் இரு தரப்பிலும் நல்லெண்ணம் கொஞ்சமாவது இருக்கும் உறவுகளுக்கு. அடிக்கிற கணவனிடமோ, பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்திருக்கும் முதலாளியிடமோ, தொட்டுப் பேசும் மேலதிகாரியிடமோ போய் மனம் திறந்து பேசுங்கள் என்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன். அங்கே முதலில் தேவை பாதுகாப்பு. 1994ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது, போலீசில் புகார் செய்து பாதுகாப்பு ஆணை கேட்கலாம். பாலியல் தொல்லைக்கென்று 2022இல் தனிச் சட்டம் வந்து, அதற்கான தீர்ப்பாயம் 2024 முதல் புகார்களை ஏற்கிறது. சம்பளம், பாஸ்போர்ட் பிரச்சினைகளுக்குத் தொழிலாளர் இலாகா இருக்கிறது. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் தாலியான் காசே உதவிச் சேவையின் தொலைபேசி எண் 15999. எந்த நேரத்திலும் அழைக்கலாம்.